பேர் விழாத நாளும் விழுங்காத மாத்திரையும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் ‘பரசிட்டமோல் இருக்கிறதா’ என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். ‘பெனடோல்’ என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் எடுத்து வந்து தரும். சாமிப் படத்துக்குப் பின்னாலோ, அரிசி டின்னுக்குப் பக்கத்திலோ, சுவரில் மாட்டிய பொலித்தீன் பையிலோ அது இருக்கும். வாரம் முடிவதற்குள் தீர்ந்தும் போகும். அதே பைக்குள் வேறு சில மருந்துகளும் கிடக்கும். அரசாங்க வைத்தியசாலையின் மாதக் கிளினிக்கில் கொடுத்த சிறிய உறைகள் அவை: பிரஷருக்கு லோசார்டன், சீனிக்கு மெட்ஃபோர்மின், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின். அடுத்த கிளினிக் நாள் வரும்போது அந்த உறைகளில் பல மாத்திரைகள் மிஞ்சியிருக்கும்.

காசு கொடுத்து வாங்கியது தீர்ந்துவிடுகிறது, இலவசமாகக் கிடைத்தது மிஞ்சுகிறது. ஒரே வீடு, ஒரே ஆள், ஒரே பை. இது ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் ‘தோட்டத்து ஆட்களுக்குப் படிப்பறிவு குறைவு, சொன்னால் கேட்கமாட்டார்கள்’ என்பது. வைத்தியசாலை வரிசைகளிலும் கருத்தரங்குகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன், தோட்டத்திலேயே பிறந்து படித்து வெளியே போனவர்களின் வாயிலும் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்பறிவு இல்லாததுதான் காரணம் என்றால் பெனடோலும் மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு மருந்து எதற்குப் பயன்படும், எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும், எத்தனை மணிக்குப் போட்டால் மலையேறலாம் என்பதையெல்லாம் தோட்டத்துப் பெண்கள் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கைத்தான் நாம் படிக்கவில்லை.

மக்கள் மருந்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றி உலகில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். மருத்துவ சேவையைக் குடும்பங்கள் நாடுவதை விளக்க ரொனால்ட் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968இல் ஒரு சட்டகம் அமைத்தார். ஆளிடம் முன்பே இருக்கும் வயது, பால், கல்வி, நம்பிக்கை போன்றவை ஒரு வகை. வருமானம், தூரம், அருகில் மருந்தகம் உண்டா என்பது போன்ற வசதிகள் இன்னொரு வகை. மூன்றாவது தேவை, அதாவது நோய் எவ்வளவு கடுமை, அதை அவர் எப்படி உணர்கிறார் என்பது. மருந்துப் பயன்பாட்டு ஆய்வுகள் பலவும் இன்றுவரை இந்த மூன்றையும் கையாள்கின்றன. நீண்டகால நோய்களுக்கான மருந்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்றது அது. நோயாளியை மட்டும் குற்றம் சொல்வது தவறு என்றும் அழுத்திச் சொன்னது. ஆக, பொகவந்தலாவையில் மிஞ்சும் மாத்திரை லண்டனிலும் மிஞ்சுகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே காரணத்துக்காக மிஞ்சுவதில்லை.

மலையகத்துக் காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும். அது ‘பேர்’. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, மலைக்குப் போய், நிர்ணயித்த கிலோ கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் வரவைப் பதியும் செக்ரோலில் பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் ஒன்றுமில்லை. பேர் என்பது அன்றைய சம்பளம். அதற்குமேல் கடைக்காரர் நம்பிக் கடன் கொடுப்பதும், மாத முற்பணத்தின் அளவும் அதைச் சார்ந்தே இருக்கும்.

2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா, விலைப் பங்கு 30 ரூபா, மொத்தம் 620. இதில் அந்த 140 ரூபா மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதமாவது வந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. வீட்டில் ஒரு சாவு, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், மழையில் இரண்டு நாள் என்று ஏற்கனவே எல்லையில் நின்றவளுக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒருநாள் சம்பள இழப்போடு நிற்கவில்லை. அந்த மாதம் உழைத்த எல்லா நாட்களின் 140 ரூபாவையும் அது கொண்டுபோய்விடக்கூடிய நிலை இருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. ஆனால் பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோ அளவும் கூடவே உயர்ந்தது. காய்ச்சலோடு மலைக்குப் போய் அரைப்பேரோடு திரும்புவதைவிட இரண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு முழுப்பேரோடு திரும்புவதே புத்தி என்று ஒரு தாய் நினைத்தால், அவளுடைய கணக்கில் எங்கே பிழை?

கிளினிக் நாளின் கணக்கு வேறு. விடியும் முன்பே எழுந்து பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்திலிருந்து கீழே ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, சில இடங்களில் இரண்டாவது பஸ்ஸும் பிடித்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நம்பர் எடுக்க ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, வைத்தியரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை. வைத்தியர் முன்னால் இருப்பது ஒரு சில நிமிடம். திரும்ப வீடு வந்து சேரும்போது கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும். மருந்து இலவசம், அதை வாங்கப் போன நாள் இலவசமில்லை. அதனால்தான் கிளினிக் கொப்பியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. கொப்பி கிளினிக்குக்குப் போகிறது, உடம்பு மலைக்குப் போகிறது. பிரஷரை யாரும் அளப்பதில்லை. பழைய மருந்தே மாதக்கணக்கில் தொடரும்.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. 2023இல் மலையகம் தன் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தது. அந்த 200 ஆண்டும் மருந்து இங்கே எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழிநெடுக விழுந்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் நோயாளியானவர்கள் வேலையிலிருந்து விலக்கப்பட்டு ரோட்டோரங்களில் கிடந்து செத்த கதைகள் அன்றைய அரசாங்கத்தையே சங்கடப்படுத்தின. அதன் விளைவாக 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது அது சுமத்தியது. 1912இல் அந்தச் சட்டங்கள் மேலும் விரிவாக்கப்பட்டன. தோட்டத்து டிஸ்பென்சரி என்ற அமைப்பு இப்படித்தான் வேரூன்றியது. ஒரு டிஸ்பென்சர், சில போத்தல்கள், கொய்னா, விளக்கெண்ணெய், புண்ணுக்குப் பூசும் மருந்து.

தேயிலைக் காலத்தில் கொக்கிப்புழு பெரும் பிரச்சினையானது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் புழு. ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. தைமோலும் செனொப்போடியம் எண்ணெயும் கொடுத்து, பேதிக்கும் கொடுத்தார்கள். கூட்டம் கூட்டமாக நிறுத்திவைத்து விழுங்கவைத்த மருந்து அது. புழுக்கள் விழுந்தன. ஆனால் கழிப்பறை கட்டுவது துரைமாருக்குச் செலவு, மருந்து மலிவு. மருந்து கொடுத்தார்கள், கழிப்பறை போதிய அளவு வரவில்லை. தொழிலாளி அதே மண்ணில் திரும்பவும் நின்றார், புழுவும் திரும்பி வந்தது. இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்ந்த சோம ஹேவா, 1995இல் வெளிவந்த தன் நூலில் காலனிய முதலாளித்துவத்துக்கும் இந்த மருத்துவத்துக்கும் இருந்த பிணைப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நான் இதில் காண்பது ஒரு பாடம், அது மூன்று நான்கு தலைமுறையின் உடம்பில் பதிந்துபோன பாடம். தோட்டத்தில் மருந்து என்பது ஆளை மறுபடி மலைக்கு அனுப்ப ஏற்பட்ட பொருள். விரைவாக எழுப்பிவிட்டால் நல்ல மருந்து. எழுப்பாவிட்டால் அது மருந்தே இல்லை. நோயை வருவதற்கு முன்பே தடுக்க, முப்பது வருடம் கழித்து வரக்கூடிய பக்கவாதத்தை இன்றே நிறுத்த யாரும் இங்கே மருந்து கொடுத்ததில்லை. அப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று முதல்முறையாகச் சொல்லும்போது, கேட்பவர் எந்த அனுபவத்தை வைத்து அதை நம்புவார்?

டிஸ்பென்சர்கள் எல்லாரையும் இதில் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. நள்ளிரவில் மழைக்குள் லாம்பைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்து பிரசவம் பார்த்த மிட்வைஃப் அம்மாக்களும், காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்த மருந்தையாக்களும் உண்டு. ‘அவருக்குக் கைராசி’ என்று சொல்லி, ஓய்வு பெற்ற பின்னும் அவர்கள் வீட்டுக்கே தேடிப் போகும் ஆட்களும் உண்டு. கைராசி என்ற சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மருந்து உட்கொள்ளும் பழக்கத்தைத் தீர்மானிப்பதில் கொடுப்பவர் மேல் உள்ள நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை அந்த ஒரு சொல் வைத்திருக்கிறது. மாதாமாதம் வேறு வேறு முகம், அதுவும் வேறு மொழியில், மாத்திரை எழுதிக் கொடுக்கும் கிளினிக்கில் கைராசி எங்கிருந்து வரும்?

இலங்கையில் 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாட்டுக்கே பெருமை தரும் ஏற்பாடு அது. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியிருந்தது. அவர்களுடைய சுகாதாரம் அரசாங்கத்தின் பொறுப்பாகாமல் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே நெடுங்காலம் இருந்தது. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் மீண்டும் கம்பனிகளிடம் போனபோதும் தோட்டத்து டிஸ்பென்சரி ஒரு தனித்தீவாகவே இருந்தது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. டிக்கோயா கிளெங்கானில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். கட்டடம் பெரிது, நன்மையும் பெரிது. ஆனால் ஒருவர் மாதம் முழுதும் மாத்திரையைச் சரியாக விழுங்குகிறாரா என்பது கட்டில் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை. அது லயத்திலும் மலையிலும் தீர்மானமாகிறது.

மலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் மருந்துப் பயன்பாட்டு ஆய்வுகளில் வேலைத்தலம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

பிரஷருக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும். காலையில் போட்டால் அடுத்த சில மணி நேரத்துக்குள் பலமுறை போகவேண்டி வரும். தேயிலை மலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. சரிவில், கான் ஓரத்தில், கங்காணியும் ஆண்களும் இருக்கும் இடத்தில் ஒரு பெண் எத்தனை முறை ஒதுங்கமுடியும்? மழையில், அட்டைக்கடிக்கு நடுவே, இடுப்பில் படங்கையும் முதுகில் கொழுந்துக் கூடையையும் கட்டிக்கொண்டு? அவள் காலையில் அந்த மாத்திரையைப் போடமாட்டாள். மாலையில் வந்து போட்டால் இரவெல்லாம் எழும்பவேண்டும். பொதுக் கழிப்பறை லயத்துக்கு வெளியே இருட்டில் இருக்கிறது என்றால் அதையும் விட்டுவிடுவாள். மெட்ஃபோர்மினும் அப்படியே. தொடங்கிய நாட்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும், பேதியும் ஆகும். நகரத்து அலுவலகத்தில் இருப்பவருக்கு அது சிறு தொல்லை. மலையில் நிற்பவளுக்கு அது மானப் பிரச்சினை. சாப்பாட்டோடு போட்டால் இந்தத் தொல்லை குறையும் என்றும், சிறு அளவில் தொடங்கிக் கூட்டலாம் என்றும் யாராவது அவளுடைய மொழியில் இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பாள். யாரும் சொல்லாததால் ‘அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறாள். கொப்பியில் ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்ற குறிப்பு விழுகிறது.

பிரஷர் மாத்திரை நிறுத்தியதற்கு எல்லா லயத்திலும் கேட்கக்கூடிய இன்னொரு காரணம்: ‘போட்டேன், மேலுக்கு ஒன்னும் செய்யல. பொறகு எதுக்கு?’ ஆண்டர்சன் சொன்ன மூன்றாவது வகை இதுதான். உடம்பு உணராத தேவைக்கு மருந்து எடுப்பது எந்த ஊரிலும் கடினம். உடம்பு வலியையே அளவுகோலாக வைத்து வாழ்கிறவர்களுக்கு இன்னும் கடினம்.

இரும்புச் சத்து மாத்திரையின் கதை வேறு மாதிரி. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் அது தவறாமல் கிடைக்கிறது. மிட்வைஃப் வீடு தேடி வந்து கேட்கவும் செய்கிறார். பலர் எடுக்கிறார்கள். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் சூடான தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். தேயிலையில் உள்ள பொலிஃபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உணவோடு தேத்தண்ணி குடித்தால் தாவர உணவிலிருந்து உடம்பு உறிஞ்சும் இரும்பு பாதிக்கும் மேல் குறையலாம் என்பது நிறுவப்பட்ட உண்மை. கையால் பறித்த அதே இலை அவளுடைய இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள், தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குங்கள் என்று சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதியில் நிறுத்துபவர்கள் குறைவார்கள். பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பயம் வயதானவர்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்தை மருமகளிடம் பேசித் தீர்க்கமுடியாது, மாமியிடம் பேசவேண்டும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் மருந்தைப் பற்றிப் பேசவேண்டும். 1973 முதல் நாட்டில் கொடுக்கப்படும் திரிபோஷ சத்துமா கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நலிந்த பிள்ளைக்கும் உரியது. லயத்தில் அது அளவு பிரித்து வைக்கப்படுவதில்லை, வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு பிள்ளை பார்க்க மற்றப் பிள்ளைக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயாலும் முடியாது. மாத்திரையும் இப்படியே பகிரப்படுகிறது. பக்கத்துக் காம்பிராக்காரிக்கு மருந்து தீர்ந்துவிட்டால் தன்னுடையதில் பத்தைக் கொடுப்பாள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள் ஒரே சுவரை வைத்து வரிசையாக நிற்கும் இடத்தில் இருமல் சத்தமும் பொது, மருந்தும் பொது. இந்தப் பரிவு இல்லாமல் மலையகம் இத்தனை காலம் தாங்கியிருக்காது. ஆனால் ஒருவருக்கு எழுதிய பிரஷர் மாத்திரை இன்னொருவருடைய சிறுநீரகத்துக்குக் கேடு செய்யலாம் என்ற செய்தி இந்தப் பரிவோடு சேர்ந்து போகவேண்டும், அதைக் குற்றமாக்கிச் சொன்னால் போய்ச் சேராது.

இனி மொழி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன்பிறகும் மருந்து உறையில் எழுதியிருப்பது பல வேளை சிங்களத்தில், அல்லது சில கோடுகளும் எண்களும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசை நீண்டு கிடக்கும்போது வாயால் சொல்வதும் சிங்களத்தில்தான் வருகிறது. தோட்டத்து மக்களுக்குப் பேச்சுச் சிங்களம் ஓரளவு புரியும், எழுத்து புரியாது. அதனால் மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். ‘மஞ்சள் உருண்டை ராத்திரிக்கு, வெள்ளை நீட்டு காலைக்கு.’

இந்த அடையாளமும் ஒருநாள் ஏமாற்றும். அரசாங்கம் மருந்தைக் கேள்விப்பத்திரம் மூலம் வாங்குகிறது. இந்த ஆண்டு ஒரு கம்பனி, அடுத்த ஆண்டு வேறு கம்பனி. உள்ளே உள்ள மருந்து அதேதான், வெளியே நிறம் மாறிவிடும். பழைய மஞ்சளும் மிஞ்சியிருக்கிறது, புதிய வெள்ளையும் வந்திருக்கிறது என்றால் இரண்டையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. புதிது வேறு மருந்து என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. மூலப்பெயரில் மருந்து வாங்கும் இந்தக் கொள்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குப் பின்னால் பேராசிரியர் சேனக பிபிலே நிற்கிறார். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் சேர்ந்து கொடுத்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. தேவையற்ற வணிகப் பெயர்கள் நீக்கப்பட்டு, இறக்குமதியாகும் மருந்துகள் சுமார் 2,100இலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. பன்னாட்டுக் கம்பனிகளின் எதிர்ப்பைச் சந்தித்தபடியே அவர் அதைச் செய்தார், 1977இல் கயானாவில் காலமானார். ஏழைக்கும் மருந்து கிடைக்கவேண்டும் என்ற அந்தக் கனவினால்தான் இன்று தோட்டத்துப் பெண்ணின் கையில் லோசார்டன் இலவசமாக வந்து சேர்கிறது. அந்தக் கனவில் மிச்சம் வைத்த வேலை ஒன்றுதான்: உறையின் மேல் அவள் படிக்கக்கூடிய நான்கு வார்த்தைகள்.

நம்பிக்கைகளைப் பற்றி எழுதாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது. தடுமலுக்குக் கொத்தமல்லித் தண்ணி, மேல்வலிக்குச் சித்தாலேப, எலும்பு முறிவுக்குச் சிங்கள வெதமாத்தயா, பிள்ளை இரவில் அலறினால் கோடாங்கி, அம்மை போட்டால் வேப்பிலையும் மாரியம்மன் தீர்த்தமும். ஆங்கில மருந்து ‘சூடு’, மோரும் பழையதும் ‘குளிர்ச்சி’. மாத்திரை அதிகமானால் உடம்பு சூடாகும், வயிறு புண்ணாகும் என்பது பொதுவான எண்ணம். வலிநிவாரணிகளைப் பொறுத்தவரை இதில் உண்மையும் இருக்கிறது: டைக்ளோஃபெனக்கும் இபுப்ரோஃபெனும் வெறும் வயிற்றில் நாள்தோறும் போனால் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். என் பார்வையில் இந்த நம்பிக்கைகள் மருந்துக்குப் பெரிய எதிரி இல்லை. பெரும்பாலானோர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். சிக்கல் வருவது இழுப்பு நோயில். விறகடுப்புப் புகை நிறைந்த காம்பிராவில் இழுப்பு சாதாரணம். அதற்குச் சரியான மருந்து உறிஞ்சும் பம்ப். ஆனால் ‘பம்ப் அடிக்க ஆரம்பிச்சா விடமுடியாது, அது கடைசிக் கட்டம்’ என்ற பயம் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதனால் மாத்திரையும் பாணியுமாகக் காலம் தள்ளி, மூச்சு முட்டும்போது லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள்.

டவுன் பாமசிகள் இந்தக் கதையின் இன்னொரு பாதி. சம்பள நாளில் சாமான் வாங்க இறங்கும்போது அங்கே வரிசை இல்லை, நம்பர் இல்லை, பேசுபவர் தமிழில் பேசுகிறார். வைத்தியர் சீட்டில்லாமல் அமொக்ஸிசிலினைக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் ‘தொண்டை நோவு’ என்றால் நாலு கெப்சூல் கிடைத்துவிடும் கடைகள் உண்டு. ஏன் நாலு? கையில் இருக்கும் காசுக்கு அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கியதும் மிச்சம் சாமிப்படத்துக்குப் பின்னால் போகும், அடுத்த பிள்ளையின் அடுத்த காய்ச்சலுக்கு. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைப் பற்றி உலகம் முழுதும் பேசுகிறோமே, அதன் ஒரு வேர் இந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் வெளிச்சமாக்கியது. டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது சில வாரங்களில் 360ஐத் தொட்டது. மார்ச் மாதத்தில் மருந்துகளின் விலையை 29 வீதம் உயர்த்த அனுமதி கொடுத்தார்கள். வைத்தியசாலைகளில் ‘இது இல்லை, வெளியில வாங்குங்க’ என்று சீட்டெழுதிக் கொடுத்தார்கள். நகரத்தவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினர். தோட்டத்தவர் சீட்டைக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினர். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு நீட்டினார்கள். அதற்கு முன், 2020 ஊரடங்கில், கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பும் நல்ல ஏற்பாடு ஒன்று வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் தபால் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கைமாறித்தான் வீடு வரவேண்டும். 200 வருடம் வாழ்ந்தும் ஒரு மாத்திரைப் பொதி வந்து சேர முகவரி இல்லாத மக்கள் இவர்கள்.

ஒரு சாதகமான அம்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவின் குளிரில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் திறந்த இன்சுலின் குப்பியை நான்கு வாரம் பாதுகாப்பாக வைத்திருக்கலாம். அடுப்புக்கும் புகைக்கும் எட்டாமல், வெயில் படாத மூலையில் வைத்தால் போதும். இதைச் சொல்லிக் கொடுத்தால், ‘ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் ஊசி மருந்து எப்படி வைக்கிறது’ என்று இன்சுலினை மறுக்கும் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

செய்யவேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. மலையில் கழிப்பறை. மருந்து உறையில் தமிழ். இரண்டு மாத மருந்தை ஒரே முறையில் கொடுக்க வைத்தியருக்கு அனுமதி. மூடிக்கிடக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிகளை மாதம் ஒருநாள் திறந்து, அரசாங்க வைத்தியர் ஒருவர் வந்து பிரஷர், சீனிக் கிளினிக் நடத்துவது. இவற்றில் பலவற்றைச் சுகாதார அதிகாரிகள் அறிவார்கள், சிலர் அங்கங்கே செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அது சுகாதார அமைச்சின் கையில் இல்லை, சம்பளம் பேசும் மேசையில் இருக்கிறது.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் கம்பனிகளுக்கும் இந்தக் கட்டுரை வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை சம்பளத்தைப் பேச உட்காரும்போது ரூபாவோடு நிறுத்திவிடாமல் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கிளினிக் கொப்பியில் வைத்தியசாலை முத்திரை விழுந்த நாளுக்கு, மாதத்தில் ஒருநாள், செக்ரோலிலும் முழுப்பேர் விழவேண்டும்.